வீடியோவில் வரும் பாம்பு நம் வீட்டுக்கு வராது

சென்ற மழைக்காலத்தில் ஓரிரவு பத்து மணிவாக்கில் சித்தியிடமிருந்து அழைப்பு வந்தது. பேராக்கில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு தாமானில் அவர் குடியிருக்கிறார். துணி துவைக்கும் இயந்திரத்தின் பின்னால் பாம்பு.

"என்ன பாம்பு சித்தி?"

"கட்டுவிரியனாம். பக்கத்து வீட்டு அண்ணன் போன்ல பார்த்துட்டுச் சொல்றாரு. கடிச்சா தூக்கத்திலேயே போயிடுமாம். அவரே பிடிச்சிடுறேன்னு நிக்கிறாரு."

அந்த அண்ணன் ஒரு கையில் விளக்குமாற்றுக் கட்டையும் மறு கையில் கைப்பேசியுமாக நின்றிருக்கிறார். கைப்பேசியில் தமிழ்நாட்டுப் பாம்புபிடிப்பவர் ஒருவரின் வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. அதில் காட்டுவதுபோல வாலைப் பிடித்துத் தூக்கி, தலையணை உறைக்குள் இறக்கிவிடலாம் என்பது அவருடைய திட்டம். நல்ல வேளையாகச் சித்தி அவரை விடவில்லை. 999-க்கு அழைத்தார். முக்கால் மணி நேரம் கழித்துப் பொதுத் தற்காப்புப் படையினர் வந்தார்கள். விளக்கடித்துப் பார்த்தவர் சிரித்துவிட்டாராம். அது வீட்டுப் பல்லிகளைத் தின்ன வரும் ஓநாய்ப் பாம்பு. மனிதருக்கு ஆபத்தான விஷம் அதற்கு இல்லை. தமிழ்நாட்டில் வெள்ளிக்கோல் வரையன் என்பார்களே, அதற்கு நெருங்கிய உறவு. அங்கேயும் கட்டுவிரியன் என்று நினைத்து அதைத்தான் அடித்துக் கொல்கிறார்கள்.

அன்று நேர்ந்த தவறால் யாருக்கும் ஆபத்தில்லை. விஷமில்லாததை விஷப் பாம்பு என்று நினைத்தார்கள், அவ்வளவுதான். அதே தவறு மறுபக்கமாக நடந்திருந்தால்? கெடாவிலும் பெர்லிஸிலும் மலைப்பாம்புக் குட்டி என்று நினைத்துக் குனிந்து எடுக்கப்படும் பாம்பு, சில நேரம் மலாயாக் குழிவிரியனாக இருந்துவிடுகிறது. இரண்டும் பழுப்பு நிறம், இரண்டுக்கும் தடித்த உடம்பு. கைவிரலை இழக்க அந்த ஒரு நொடிக் குழப்பம் போதும்.

நாம் பேச வேண்டியது இதைத்தான். தோட்டத்திலும் பட்டணத்திலும் தமிழில் மட்டுமே படிக்கும், பார்க்கும் நம்மவர்களுக்குக் கிடைக்கிற பாம்பு அறிவில் பெரும்பகுதி இன்னொரு நாட்டுப் பாம்புகளைப் பற்றியது. மலேசியப் பாம்புகளைப் பற்றிய தகவல் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது. தமிழில் தேடினால் முதலில் வந்து நிற்பது தமிழ்நாட்டு வீடியோதான்.

நால்வரில் மூவர் இங்கே இல்லை

இந்தியாவில் அதிகம் பேரைக் கொல்லும் பாம்புகள் என நான்கைச் சொல்வார்கள்: நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன். தமிழ் வீடியோக்களில் திரும்பத் திரும்ப வருவது இந்த நால்வர்தான். கண்ணாடிவிரியனும் சுருட்டைவிரியனும் மலேசியக் காடுகளில் இல்லை. இந்தியக் கட்டுவிரியனும் இல்லை. நாகம் உண்டு, ஆனால் படத்தின் பின்னால் மூக்குக்கண்ணாடி போல் குறி உள்ள அந்த நாகம் இல்லை.

தீபகற்பம் முழுக்கக் காணப்படுவது விஷத்தை உமிழும் நாகம். பெரும்பாலும் கறுப்பாக இருக்கும். மலாயில் ஊலார் செண்டுக். செண்டுக் என்றால் அகப்பை. படமெடுத்த கழுத்துக்கு அந்தப் பெயர் பொருந்துகிறது. இது கடிக்கும், கடிக்காமலும் காயப்படுத்தும். எட்டி நின்று விளக்கடித்துப் பார்ப்பவரின் கண்ணைக் குறிவைத்து விஷத்தைப் பீய்ச்சும். இரண்டு மீட்டர் தள்ளி நிற்பவர்கூடத் தப்ப முடியாது. தமிழ்நாட்டு நாகத்துக்கு இந்தப் பழக்கம் கிடையாது. அதனால் அந்த வீடியோக்களில் பாம்பின் முகத்துக்கு நேரே உட்கார்ந்துகொண்டு பேசுகிறார்கள். அதைப் பார்த்துவிட்டு இங்கே ஒருவர் குந்தி உட்கார்ந்தால் முதலில் போவது அவர் கண்தான்.

வட மாநிலங்களில், குறிப்பாகக் கெடா, பெர்லிஸ், பினாங்கு, கிளந்தான் பக்கம், மேலே சொன்ன மலாயாக் குழிவிரியன் இருக்கிறது. மலாய்க்காரர்கள் ஊலார் காப்பாக் போடோ என்பார்கள். போடோ என்றால் முட்டாள். ஆள் நெருங்கினாலும் நகராமல் சருகுக்குள் கிடக்கும் அதன் குணத்துக்கு ஏற்ற பெயர். மற்ற பாம்புகள் காலடி அதிர்வில் விலகிவிடும், இது விலகாது. விடியற்காலை இருட்டில் பால்மரம் சீவப் போகிறவர்கள் கால் சட்டியில் கடி வாங்குவது இதனிடம்தான். பால்வெட்டுக்குப் போன நம் பாட்டிமார்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அவர்களுடைய பேரன்களுக்குத்தான் தெரியவில்லை.

மலாயாக் கட்டுவிரியன் வேறு. கறுப்பும் வெள்ளையுமாக அகலப் பட்டை போட்டிருக்கும். மஞ்சளும் கறுப்புமாக இன்னொரு வகையும் உண்டு. மலாயில் காத்தாம் தெபு. கடித்தால் பெரிதாக வலிக்காது, வீங்காது, சில மணி நேரத்தில் இமை தொங்க ஆரம்பிக்கும். "வலிக்கலியே" என்று படுத்துவிடுகிறவர்களுக்குத்தான் ஆபத்து. ராஜநாகமும் உண்டு, மலாயில் தெடுங் செலார். அது பெரும்பாலும் மற்றப் பாம்புகளைத் தின்று வாழ்வது. செம்பனைத் தோட்டத்தில் சாரையும் மலைப்பாம்பும் பெருகினால் அவற்றைத் தேடி அதுவும் வரும்.

மலைப்பாம்பு, அதாவது ஊலார் சாவா, நம் செய்திகளின் நிரந்தரக் கதாநாயகன். விஷம் இல்லை. அதற்காக விளையாட்டுப் பொருளும் இல்லை. 1995-இல் ஜொகூர், சிகாமட் பக்கம் பால்மரம் சீவும் தொழிலாளி ஒருவர் மலைப்பாம்பிடம் சிக்கி இறந்தது பலருக்கு இன்னும் நினைவிருக்கும்.

இங்கே ஒரு கிளைக்கதை. தமிழ் படித்தவன் என்பதால் இந்தப் பெயர்களில் எனக்கு ஒரு மயக்கம் உண்டு. கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டு மரத்தில் ஏறி, செத்தவரைச் சுடுகாட்டில் எரிக்கும் புகையைப் பார்த்த பிறகுதான் இறங்குமாம். பச்சைப் பாம்பு கண்ணைக் கொத்துமாம். இரண்டின் மலேசிய உறவுகளும் நம் செம்பருத்திச் செடியில் சாதாரணமாகத் தொங்குகின்றன, ஒருவரையும் கொல்வதில்லை. என் பாட்டி இரவில் பாம்பு என்ற சொல்லையே உச்சரிக்க மாட்டார். "கயிறு கிடக்கு, பார்த்து வா" என்பார். அந்தப் பயத்தில் ஒரு மரியாதை இருந்தது. கயிற்றை யாரும் கையால் தொடப் போகமாட்டார்கள்.

முறிமருந்தும் வேறு

பெயர் மாறினால் என்ன, எல்லாம் பாம்புதானே என்று கேட்கலாம். மருத்துவமனையில்தான் அந்த வேறுபாடு உயிர்ப் பிரச்சினை ஆகிறது. இந்தியாவில் தயாராகும் முறிமருந்து அந்த நால்வரின் விஷத்தைக் கொண்டு உருவாக்கப்படுவது. மலாயாக் குழிவிரியன் கடிக்கு அது உதவாது. நம் மருத்துவமனைகள் பெரும்பாலும் தாய்லாந்துச் செஞ்சிலுவைச் சங்கத்தின் ராணி சாவபா நினைவு நிலையத்தில் தயாராகும் மருந்துகளைப் பயன்படுத்துகின்றன. நம் நாட்டுப் பாம்புகளில் பல தாய்லாந்திலும் இருப்பவை. எந்த மருந்து, எவ்வளவு என்று முடிவெடுக்க மருத்துவர்களுக்கு உதவும் ஆர்இசிஎஸ் எனும் ஆலோசனைச் சேவையும் இங்கே 2012 முதல் உண்டு. மாவட்ட மருத்துவமனையில் இருக்கும் இளம் மருத்துவர் நள்ளிரவிலும் விஷக்கடி நிபுணரிடம் கேட்டுக்கொள்ள முடியும்.

ஆகவே கடிபட்டவர் செய்ய வேண்டியது, அவசரப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கு நேராகப் போவது. தோட்டத்து டிரஸ்ஸரிடமோ பக்கத்துக் கிளினிக்கிலோ முறிமருந்து இருக்கும் என்று நம்பி அரை மணி நேரத்தை இழக்கக் கூடாது. கடித்த கை அல்லது காலை அசைக்காமல், எலும்பு முறிந்தவருக்குக் கட்டுவதுபோல் ஒரு பலகை வைத்துத் தளர்வாகக் கட்டலாம். துண்டை இறுக்கிக் கட்டி இரத்தத்தை நிறுத்தக் கூடாது. கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, விஷக்கல் வைக்கக் கூடாது. மோதிரம், வளையல், கொலுசு, மெட்டி எல்லாவற்றையும் உடனே கழற்றிவிட வேண்டும். வீங்கிய பிறகு மெட்டியை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். நேரம் இருந்தால் வீக்கத்தின் விளிம்பைப் பேனாவால் கோடிட்டு, பக்கத்தில் மணியை எழுதுங்கள். வீக்கம் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று மருத்துவர் பார்க்க உதவும்.

கண்ணில் விஷம் பட்டால் குழாய்த் தண்ணீரில் பதினைந்து இருபது நிமிடம் விடாமல் கழுவி, பிறகு மருத்துவமனை. தாய்ப்பால் விடச் சொல்கிறார்கள், இளநீர் விடச் சொல்கிறார்கள். தண்ணீர் போதும். கண்ணைத் தேய்க்காமல் இருந்தால் சரி.

பாம்பை அடித்துப் பையில் போட்டுக் கொண்டுபோவது பழைய பழக்கம். அடிக்கப் போனவரும் கடிபட்டு இரண்டு நோயாளிகள் ஆவதுதான் பல நேரம் நடக்கிறது. தூரத்திலிருந்து கைப்பேசியில் ஒரு படம் எடுத்தால் போதும். அதுவும் முடியாவிட்டால் பரவாயில்லை, அறிகுறியைக் கொண்டே மருத்துவர்கள் முடிவெடுப்பார்கள்.

அந்த முக்கால் மணி நேரம்

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். மலேசியாவில் பாம்பென்றால் படைதான் வருகிறது. 999-க்கு அழைத்தால் போம்பா எனும் தீயணைப்பு மீட்புத் துறையோ, ஏபிஎம் எனும் பொதுத் தற்காப்புப் படையோ வரும். கட்டணம் இல்லை. பட்டணத்தில் பத்து இருபது நிமிடத்தில் வந்துவிடுகிறார்கள். நிலையத்திலிருந்து தோட்டத்து மண்சாலையில் உள்ளே வர நேரமாகும். விபத்துகள் நடப்பது இந்த இடைவெளியில்தான். காத்திருக்கப் பொறுமை இல்லாதவர் பாராங்கை எடுக்கிறார். வீட்டில் ஆண்பிள்ளை என்று நான்கு பேர் நிற்கும்போது சும்மா இருப்பது அவமானம் என்று ஒருவருக்குத் தோன்றுகிறது. என் சித்தப்பாவுக்கும் அப்படித்தான் தோன்றியது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

காத்திருக்கும்போது செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான். அது எங்கே போகிறது என்று தூர நின்று ஒருவர் மட்டும் பார்த்துக்கொண்டே இருப்பது. வந்த அதிகாரிகளின் நேரத்தில் பாதி, "இங்கதான் சார் இருந்துச்சு, இப்ப காணோம்" என்பதிலேயே போகிறது. பிள்ளைகளையும் நாய் பூனைகளையும் வேறு அறைக்கு அனுப்பிவிடலாம். பாம்பு அறைக்குள் இருந்தால் கதவை மூடி அடியில் துண்டைச் செருகி வைக்கலாம். முற்றத்தில் இருந்தால், அது வெளியே போகும் வழியில் நாம் நிற்கக் கூடாது. பெரும்பாலான பாம்புகள் போகத்தான் பார்க்கின்றன. கறுப்பு நாகம் என்று சந்தேகம் இருந்தால் கண்ணாடியோ மோட்டார் சைக்கிள் தலைக்கவசமோ அணிந்துகொள்ளுங்கள். வெந்நீர், மண்ணெண்ணெய், கொசு மருந்து எதையும் அதன்மேல் ஊற்றவோ அடிக்கவோ வேண்டாம். வலியில் அது எந்தப் பக்கம் பாயும் என்று யாருக்கும் தெரியாது.

பொறி வைக்கலாமா என்று கேட்கிறார்கள். இங்கே பலர் வீட்டில் இருக்கும் ஒரே பொறி, எலிக்கு வைக்கும் பசை அட்டை. எலியைத் தேடி வரும் பாம்பும் அதில் ஒட்டிக்கொள்ளும். உடம்பு மாட்டியிருக்கும், தலை அசையும். பயமும் வலியும் சேர்ந்த அந்தத் தலைதான் வீட்டில் இருக்கக்கூடிய மிக ஆபத்தான பொருள். சமையல் எண்ணெய் ஊற்றினால் பசை விடும் என்பது உண்மை, ஆனால் அதைச் செய்வது பயிற்சி பெற்றவரின் வேலை. அட்டையோடு பாம்பைப் பார்த்தால் கிட்டே போகாமல் 999-ஐ அழைப்பதே சரி. இன்னொரு பொறி நாமே அறியாமல் வைப்பது: கோழிக்கூண்டைச் சுற்றியும் பாகற்காய்ப் பந்தலுக்கும் கட்டும் மெல்லிய நைலான் வலை. அதில் நுழையும் பாம்பு பின்வாங்க முடியாமல் செதிலோடு சிக்கி அறுபட்டுச் சாகும். பந்தலுக்குச் சணல் கயிறு போதும். மிஞ்சிய வலையைத் தரையில் சுருட்டிப் போடாதீர்கள்.

ஷோப்பியில் பாம்பு பிடிக்கும் இடுக்கி விற்கிறார்கள். வாங்கி வைத்திருக்கும் இளைஞர்களையும் பார்த்தேன். அவர்களுக்கு ஒரு பெயரை நினைவூட்ட வேண்டும். அபு சாரின் உசேன். தெமர்லோ தீயணைப்பு நிலையத்தைச் சேர்ந்தவர், மற்ற வீரர்களுக்குப் பாம்பு பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர், நாட்டுக்கே தெரிந்த முகம். 2018 மார்ச்சில் பெந்தோங்கில் பாம்பு பிடிக்கும் பணியின்போது நாகம் கடித்து, சில நாள்களில் இறந்தார். வயது 33. அத்தனை அனுபவம் இருந்தவருக்கு நேர்ந்தது இது.

பிடிபடும் பாம்புக்கும் அது சுகமான காரியம் இல்லை. 2016 ஏப்ரலில் பினாங்கு, பாயா தெருபோங்கில் கட்டுமானத் தளத்தில் பிடிபட்ட சுமார் 8 மீட்டர் மலைப்பாம்பு உலகச் செய்தியானது. சில நாள்களில், முட்டையிடும் நிலையில், அது செத்துப்போனது. மலைப்பாம்பும் நாகங்களும் 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. உரிமம் இல்லாமல் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். பிடித்துக் கூண்டில் வைத்து ஃபேஸ்புக்கில் நேரலை போடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

கந்தகத் தூள், கல்லுப்பு, பூண்டு, அந்துருண்டை தூவுவதைப் பற்றிக் கேட்காத வாசகர் இல்லை. அவை பாம்பைத் தடுக்கும் என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் கிடையாது. மழை பெய்தால் உப்பு கரைந்துவிடும். அந்துருண்டையைக் குழந்தை மிட்டாய் என்று வாயில் போட்டால், பாம்பு வராமலேயே மருத்துவமனைக்கு ஓட வேண்டியதுதான்.

எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரும்

பாம்பு நம்மைத் தேடி வருவதில்லை, எலியைத் தேடி வருகிறது. செம்பனைத் தோட்டம் எலிக்குச் சொர்க்கம். உதிர்ந்த பழம் உணவு, வெட்டி வரிசையில் அடுக்கிய மட்டை வீடு. அதனால்தான் பல நிறுவனங்கள் கூண்டு வைத்துக் கூகை வளர்க்கின்றன. சுமார் 25 ஆண்டுகளுக்கு ஒருமுறை மரங்களைச் சாய்த்து மறுநடவு செய்யும்போது, அங்கிருந்த எலிகள் வேறு இடம் தேடும், பின்னாலேயே பாம்பும் வரும். முதலில் கிடைப்பது லயன் வீடுகளும், வேலிக்கு அப்பால் முளைத்திருக்கும் தாமானும்தான். பட்டணத்துத் தாமானில் வேறு கதை. பின்சந்தில் குவிந்த குப்பை, மூடி உடைந்த வடிகால், யாரும் வெட்டாத காலிமனைப் புல்.

இதில் வீட்டுக்காரர் செய்யக்கூடியது உண்டு. நாய் பூனைச் சோற்றை இரவில் வெளியே விடாமல் இருக்கலாம். பழைய பலகை, ஓடு, டயர் அடுக்குகளை அகற்றலாம். கதவடிச் சந்தையும் குளியலறை நீர்போக்கியையும் கம்பிவலையால் அடைக்கலாம். காலணியையும் தலைக்கவசத்தையும் உதறிப் போடலாம். கோவில் புற்றுக்குப் பால் ஊற்றுவது அவரவர் நம்பிக்கை, அதில் நான் தலையிட மாட்டேன். ஆனால் முட்டையை அங்கேயே விட்டு வந்தால் அன்றிரவு விருந்து எலிக்குத்தான்.

வீட்டுக்காரர் கையில் இல்லாததும் உண்டு. தோட்டத் தொழிலாளரின் குடியிருப்பு முறையாக இருக்க வேண்டும் என்பதற்கு 1990-ஆம் ஆண்டிலிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. அது எண் 446. குடியிருப்பைப் பராமரிப்பதற்கு முதலாளியைப் பொறுப்பாக்கும் சட்டம் அது. லயன் பின்னால் இடுப்பளவு புல் வளர்ந்திருந்தால் அதைப் பாம்புப் பிரச்சினை என்று மட்டும் பார்க்கக் கூடாது, அது பராமரிப்புப் பிரச்சினையும்கூட. நான் போய்ப் பார்த்த ஒரு தோட்டத்தில், "பாம்பு வந்தா போம்பாவைக் கூப்பிடுங்க, எங்களை ஏன் கேக்குறீங்க" என்று அலுவலகத்தில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அந்தத் தோட்டத்து அக்கா ஒருவர் மூன்று மாதத்தில் மூன்று முறை போம்பாவை அழைத்திருக்கிறார். புல் இன்னும் அப்படியே இருக்கிறது. போம்பாவுக்கு அழைத்த தேதி, எடுத்த படம் இரண்டையும் வைத்து எழுத்தில் நிர்வாகத்துக்கும், பதில் இல்லாவிட்டால் தொழிலாளர் இலாகாவுக்கும் புகார் கொடுக்கலாம். தாமானாக இருந்தால் நகராண்மைக் கழகத்துக்கு. வாயால் சொன்ன புகாருக்கு நம்மிடம் ஒரு சாட்சியும் இருக்காது.

பத்திரிகைக்காரர்களான எங்கள் மேலும் குற்றம் உண்டு. "ராட்சத மலைப்பாம்பு பிடிபட்டது" என்று எத்தனை படம் போட்டிருப்போம். ஐந்து பேர் தோளில் தாங்கி நிற்கும் அந்தப் படத்துக்குக் கீழே, அது ஏன் அங்கே வந்தது என்று ஒரு வரி எழுதியதில்லை. போம்பாவும் வனவிலங்குத் துறையும் மலாயில் வெளியிடும் பாம்பு அடையாளப் படங்களைத் தமிழில் கேட்டு வாங்கித் தமிழ்ப்பள்ளிச் சுவரில் ஒட்ட ஒரு பெற்றோர் ஆசிரியர் சங்கம் முன்வந்தால் போதும், மற்றப் பள்ளிகள் பின்தொடரும்.

சித்தி இப்போது குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறார். மேலே 999. கீழே மருத்துவமனை எண். அதற்கும் கீழே, தொலைபேசியில் கேட்டால் சொல்ல வசதியாக, தமிழ் எழுத்தில் நான்கு மலாய்ச் சொற்கள்: செண்டுக், காப்பாக், காத்தாம் தெபு, சாவா. பக்கத்து வீட்டு அண்ணன் வந்து பார்த்துவிட்டு, தனக்கும் ஒன்று எழுதித் தரச் சொன்னாராம்.